35 மீன்களும் கோடி மரங்களும் ஒரே பெட்டியில்: சிவப்புப் பட்டியல் எப்படிக் கணக்குப் போடுகிறது?

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே ஒரு பிளவு, உள்ளே தண்ணீர். டெவில்ஸ் ஹோல் என்று பெயர். ஆண்டு முழுக்க ஏறத்தாழ 33 டிகிரி வெதுவெதுப்பு. முக்குளிப்பவர்கள் 130 மீட்டருக்குக் கீழே போயும் அடியைத் தொட்டதில்லை. அவ்வளவு ஆழம் இருந்தும், அங்கே மட்டுமே வாழும் பப்ஃபிஷ் என்ற ஓர் அங்குல நீல மீன் இரை தேடுவதும் முட்டையிடுவதும் மேல்மட்டத்தில் வெளிச்சம் விழும் ஒரு பாறைத் திட்டில்தான். ஒரு சின்ன அறைக்குள் அடங்கிவிடும் திட்டு அது. ஆண்டுக்கு இரண்டு தடவை ஆட்கள் இறங்கி மீன்களை எண்ணிவிட்டு வருகிறார்கள். 2013இல் ஒரு முறை எண்ணியபோது கிடைத்த விடை 35.

அதே அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஆஷ் மரங்கள் இருக்கின்றன. காடு, ஆற்றங்கரை, தெருவோரம் என எங்கும். பேஸ்பால் மட்டை செய்யக் காலங்காலமாகப் பயன்பட்ட மரம். கோடிக்கணக்கில் நிற்கிறது, யாரும் இறங்கி எண்ண வேண்டியதில்லை.

எந்த உயிரினத்துக்கு அழிவு அபாயம் எவ்வளவு என்று தரம் பிரிக்கும் உலகப் பட்டியல் ஒன்று உண்டு, சிவப்புப் பட்டியல் என்று பெயர். 2017இல் வட அமெரிக்க ஆஷ் இனங்களில் ஐந்துக்கு அதில் கிடைத்த முத்திரையும், அந்த நெவாடா மீனுக்கு இருக்கும் முத்திரையும் ஒன்றுதான்: 'மிக அருகிய இனம்'. இதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு அபத்தமாகத்தான் பட்டது. 35 உருப்படியும் சில கோடி உருப்படியும் எப்படி ஒரே பெட்டிக்குள் போகும்?

போகும். ஏனென்றால் அந்தப் பட்டியல் 'எத்தனை மிச்சம்?' என்று மட்டும் கேட்பதில்லை. 'இப்படியே போனால் இது இல்லாமல் போக எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு சீக்கிரம்?' என்று கேட்கிறது. ஆஷ் மரத்தைத் தின்பது ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு மரகதப் பச்சை வண்டு. 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்ணில் பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து சுரங்கம் போட, மரத்துக்குள் சத்து ஓடும் பாதை அறுபடுகிறது. சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகிறது. வண்டு நுழைந்த காட்டில் வளர்ந்த ஆஷ் மரங்கள் கிட்டத்தட்ட எதுவும் தப்புவதில்லை. இன்றைக்குக் கோடி இருப்பது பட்டியலுக்குப் பெரிய ஆறுதல் இல்லை.

சரி, பெட்டிகள் எத்தனை? ஒன்பது. ஒரு முனையில் 'அற்றுப்போன இனம்'. அடுத்து 'காட்டில் அற்றுப்போன இனம்', அதாவது கூண்டிலோ தோட்டத்திலோ மட்டும் மிஞ்சியிருப்பது. அதன் பிறகு மிக அருகிய, அருகிய, அழிவாய்ப்புள்ள என மூன்று. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் 'அச்சுறுத்தலில் உள்ளவை' என்கிறார்கள். செய்திகளில் 'அழியும் அபாயத்தில்', 'அழிவின் விளிம்பில்' என்று வருவது பெரும்பாலும் இவற்றில் ஒன்று. எது என்று செய்தி சொல்வதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல். அதற்கும் கீழே 'அச்சுறு நிலையை நெருங்கியவை', 'கவலை குறைந்தவை'. மனித இனத்தையும் 2008இல் முறைப்படி மதிப்பிட்டுக் 'கவலை குறைந்த' பெட்டியில் போட்டிருக்கிறார்கள். மிச்சமுள்ள இரண்டு 'போதிய தரவு இல்லாதவை', 'மதிப்பிடப்படாதவை'. இவை ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை, நம் அறியாமையின் அளவைச் சொல்கின்றன.

பட்டியலை நடத்துவது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், சுருக்கமாக ஐயுசிஎன். 1948இல் பிரான்ஸின் ஃபோந்தேன்ப்ளோவில் தொடங்கியது. பட்டியலின் பிறப்பு 1964. இந்த எண்ணத்துக்கு முக்கியக் காரணமானவர் பீட்டர் ஸ்காட். உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா சின்னத்தை வரைந்ததும் இவர்தான். முதல் முப்பது ஆண்டு பெட்டி பிரித்தது அனுபவஸ்தர்களின் மதிப்பீட்டை நம்பித்தான். புலியைப் பற்றித் தெரிந்தவர் புலிக்குச் சொல்வார், தவளையைப் பற்றித் தெரிந்தவர் தவளைக்கு. இதில் சிக்கல் என்னவென்றால், ஒருவருக்கு 'அருகிய' என்று பட்டது இன்னொருவருக்கு 'அழிவாய்ப்புள்ள' என்று படும். இரண்டு இனங்களை ஒப்பிடவே முடியாது. 1991இல் ஜார்ஜினா மேஸ், ரஸ்ஸல் லாண்டே என்ற உயிரியலாளர்கள் இருவரும், பெட்டிகளை அழிவின் நிகழ்தகவோடு கட்டிப்போட வேண்டும், எல்லைக்கோடு எண்ணாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள். 1994இல் எண் அடிப்படையிலான விதிகள் ஏற்கப்பட்டன. திருத்தப்பட்டு 2001இல் வெளியான விதிகள்தான் இன்றும் நடப்பில் உள்ளன.

அந்த விதிகளை ஐந்து கதவுகள் என்று நினைத்துக்கொள்ளலாம். ஏ, பி, சி, டி, இ. ஓர் இனம் ஏதாவது ஒரு கதவு வழியாக உள்ளே வந்தால் போதும். ஐந்தையும் சோதித்துப் பார்த்து, எந்தக் கதவு மிக மோசமான பெட்டிக்குக் கொண்டுபோகிறதோ அதுவே முடிவு. சராசரி எடுப்பதில்லை.

ஏ கதவு, சரிவின் வேகம். அடிக்கடி பேசப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்தில் எண்ணிக்கை 80 விழுக்காடு குறைந்திருந்தால் மிக அருகிய, 50 என்றால் அருகிய, 30 என்றால் அழிவாய்ப்புள்ள. குறைந்ததற்கான காரணம் நன்றாகப் புரிந்து, திருப்பக்கூடியதாக இருந்து, அது நின்றும் போயிருந்தால் வரம்பு தளர்கிறது: 90, 70, 50. நடந்த சரிவையும் கணக்கில் எடுக்கலாம், நடக்கப்போவதாக நியாயமாகக் கணிக்கக்கூடிய சரிவையும் எடுக்கலாம். ஆஷ் மரம் உள்ளே வந்த வழி இதுதான்.

மூன்று தலைமுறை ஏன்? பத்தாண்டு என்பது எலிக்கு நெடுங்காலம், யானைக்கு ஒன்றுமே இல்லை. அதனால் ஒவ்வோர் உயிரையும் அதனதன் கடிகாரத்தில் அளக்கிறார்கள். ஆப்பிரிக்க யானையை 2021 மார்ச்சில் இரண்டு இனமாகப் பிரித்து மதிப்பிட்டபோது, காட்டு யானை 31 ஆண்டுகளில் 86 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது, புல்வெளி யானை 50 ஆண்டுகளில் குறைந்தது 60 விழுக்காடு. முதலாவது மிக அருகிய, இரண்டாவது அருகிய. அதற்கு முன்பு இரண்டையும் ஒன்றாகப் போட்டு 'அழிவாய்ப்புள்ள' என்றிருந்தது. புல்வெளி யானை எண்ணிக்கையில் அதிகம் என்பதால், காட்டு யானையின் கதி அந்தக் கூட்டலுக்குள் மறைந்து கிடந்தது.

வேகம் எவ்வளவு கொடூரமாக இருக்கும் என்பதற்கு வெண்முதுகுப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. உலகின் பெரிய இரைகொல்லிப் பறவைகளிலேயே அதிக எண்ணிக்கையில் இருப்பது இதுவாக இருக்கலாம் என்று 1985இல்கூட எழுதினார்கள். கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து செத்த மாட்டின் இறைச்சி வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் 99.9 விழுக்காடு காணாமல் போனது. 2000ஆம் ஆண்டிலேயே மிக அருகிய இனம் என்று அறிவித்துவிட்டார்கள். அன்றைக்கு ஆயிரக்கணக்கில் பறந்துகொண்டுதான் இருந்தன. தலையை எண்ணி முடிவெடுப்பவர் என்றால் காத்திருந்திருப்பார்.

இதே கதவின் மேல் மீன்வளத் துறையினருக்கு ஒரு பழைய மனத்தாங்கலும் உண்டு. ஒரு மீனைத் திட்டமிட்டுப் பிடிக்கும்போது ஆரம்ப இருப்பு பாதியாகக் குறைவது எதிர்பார்த்ததே. அதைச் சரிவு என்று எண்ணி 'அருகிய' முத்திரை குத்துவது மிகை என்பார்கள். முழுக்கத் தள்ளிவிட முடியாத வாதம். அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை 2021இல் 'அருகிய' பெட்டியிலிருந்து ஒரே தாவலில் 'கவலை குறைந்த' பெட்டிக்குப் போனது.

பி கதவு, இடம். இங்கே இரண்டு அளவுகள். வெளிவிளிம்பில் உள்ள இருப்பிடங்களை எல்லாம் சேர்த்து வரைபடத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிக் கட்டினால் உள்ளே அடங்கும் பரப்பு ஒன்று. அதற்குள் உண்மையிலேயே குடியிருக்கும் பரப்பு மற்றொன்று. இரண்டாவதை அளக்க, வரைபடத்தின் மேல் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டம் போட்டு, உயிர் இருக்கும் கட்டங்களை மட்டும் எண்ணுகிறார்கள். ஒரு கட்டம் 4 சதுர கிலோமீட்டர். ஆக, ஒரு சின்ன அறை அளவுத் திட்டில் வாழும் நம் நெவாடா மீனுக்கும் கணக்கில் 4 சதுர கிலோமீட்டர் கிடைத்துவிடும்! சிரிப்பாக இருந்தாலும் காரணம் உண்டு: எல்லோரும் ஒரே கட்டத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். குடியிருக்கும் பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்குக் கீழே என்றால் மிக அருகிய, 500க்குக் கீழே அருகிய, 2,000க்குக் கீழே அழிவாய்ப்புள்ள. ஆனால் இடம் சின்னது என்பது மட்டும் போதாது. வாழிடம் துண்டு துண்டாகியிருக்க வேண்டும் அல்லது விரல்விட்டு எண்ணும் இடங்களில் மட்டும் இருக்க வேண்டும். சரிவு தொடர வேண்டும். எண்ணிக்கை கடுமையாக ஏறி இறங்க வேண்டும். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் கதவு திறக்கும். ஒரே ஒரு தீவில் ஆயிரம் ஆண்டாக நிம்மதியாக இருக்கும் நத்தையைச் சும்மா பயமுறுத்தக் கூடாது இல்லையா.

சி என்பது குறைந்த எண்ணிக்கையோடு சரிவும் சேர்வது: 250, 2,500, 10,000 என்பவை வரம்புகள். டி என்பது சரிவே இல்லாவிட்டாலும் ஆபத்தான அளவுக்கு எண்ணிக்கை குறைவு: 50க்குக் கீழே மிக அருகிய, 250க்குக் கீழே அருகிய, 1,000க்குக் கீழே அழிவாய்ப்புள்ள. இ என்பது நேரடிக் கணிப்பு, உதாரணமாக நூறு ஆண்டுக்குள் அற்றுப்போக 10 விழுக்காடு வாய்ப்பு என்றால் அழிவாய்ப்புள்ள. அதற்கு வேண்டிய அளவு விவரம் மிகச் சில இனங்களுக்கே இருப்பதால் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியே கிடக்கிறது.

இந்த எண்கள் எல்லாம் தலைக்கணக்கு இல்லை. இனப்பெருக்கம் செய்யக்கூடிய, காட்டில் உள்ள உயிர்களை மட்டுமே எண்ணுவார்கள். குஞ்சு, குட்டி சேராது. மிருகக்காட்சிச் சாலையில் இருப்பதும் சேராது. ஆக்ஸலாட்டலைப் பாருங்கள். வாயோரம் சிரிப்பும் கழுத்தில் இறகுபோன்ற செவுளுமாக உலகம் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகளிலும் ஆய்வகங்களிலும் ஏராளமாக வளரும் பிராணி. பட்டியலில் அது மிக அருகிய இனம். மெக்சிகோ நகரத்தை ஒட்டிய ஸோச்சிமில்கோ கால்வாய்களில்தான் அதன் சொந்த வீடு; அங்கே 1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று இருந்தது, 2014இல் 36 ஆகிவிட்டது. தொட்டியில் எத்தனை இருந்தாலும் கணக்குப் பார்ப்பது அந்தக் கால்வாயில்தான்.

இனி, செய்திகளில் நாம் அதிகம் சறுக்கும் இடத்துக்கு வருவோம்: பெட்டி மாற்றம். 'பனிச்சிறுத்தை இனி அருகிய இனம் அல்ல' என்று 2017இல் செய்தி வந்தது. படித்தவர்கள் பனிச்சிறுத்தை பெருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. இனப்பெருக்க வயதில் உள்ளவை 2,500க்குக் குறைவு என்று முன்பு கருதியிருந்தார்கள். கிடைத்த தகவல்களை வைத்துப் புதிதாக மதிப்பிட்டபோது 2,500க்கு மேல், 10,000க்குக் கீழ் என்று வந்தது. சி கதவின் கோட்டுக்கு மறுபக்கம் போய்விட்டதால் பெட்டி மாறியது. மலையில் சிறுத்தைக்கு எதுவும் தெரியாது. இந்த மாற்றத்தைச் சில பனிச்சிறுத்தை ஆய்வாளர்களே எதிர்த்தார்கள், தரவு போதாது என்று.

ஐயுசிஎன் இதை ஒளித்துவைப்பதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் 'மெய்யான மாற்றம்', 'மெய்யல்லாத மாற்றம்' என்று காரணம் போட்டிருக்கும். மெய்யல்லாதது என்றால் ஏமாற்று என்று பொருள் இல்லை. புதுத் தரவு, பழைய கணக்கின் பிழை, இனப் பிரிப்பில் மாற்றம் போன்றவை. பனிச்சிறுத்தை இந்த வகை. சைகா மான் அடுத்த வகை, மெய்யானது. 2015 மே மாதத்தில் கஜகஸ்தான் புல்வெளியில், வழக்கமாக அதன் உடலிலேயே தொல்லை தராமல் இருக்கும் ஒரு பாக்டீரியா சில வாரங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சைகாவைக் கொன்றது. வேட்டைக்குத் தடையும் காவலும் தொடர்ந்தன. சைகா இரட்டைக் குட்டி போடும் இனம் வேறு. 2022இல் அந்நாட்டில் 13 லட்சத்தைத் தாண்டியது. 2023 டிசம்பரில் மிக அருகிய பெட்டியிலிருந்து அச்சுறு நிலையை நெருங்கிய பெட்டிக்கு வந்தது. 2025 அக்டோபரில் பச்சைக் கடலாமை 'அருகிய'விலிருந்து 'கவலை குறைந்த'வுக்கு வந்ததையும் இப்படியே சொல்லலாம். பல பத்தாண்டுகளாக முட்டையிடும் கடற்கரைகளைக் காத்ததன் விளைவு அது.

பீட்டர் ஸ்காட் வரைந்த பாண்டா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2014 கணக்கெடுப்பில் காட்டில் 1,864, ஏற்றம் உண்மைதான். 2016இல் 'அழிவாய்ப்புள்ள' என்று பெட்டியை மாற்றியபோது சீன அதிகாரிகளே, அவசரப்படுகிறீர்கள் என்றார்கள். 2021இல் அவர்களும் அதே முடிவுக்கு வந்தார்கள். 'அருகிய' என்ற சொல்லுக்குப் பின்னால் நிதியும் காவலும் வருகின்றன என்பதால், பெட்டி இறங்கினால் பலருக்கு வயிறு கலங்குகிறது.

இந்தக் கலக்கத்துக்கு விதியிலேயே ஓரளவு பதில் வைத்திருக்கிறார்கள். மோசமான பெட்டிக்குப் போவதென்றால் உடனே. நல்ல பெட்டிக்கு வருவதென்றால், மேல்பெட்டியின் நிபந்தனை எதுவும் பொருந்தாத நிலை ஐந்து ஆண்டாவது நீடித்திருக்க வேண்டும்.

அப்புறம், எதை ஓர் 'இனம்' என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதும் விடையை மாற்றிவிடும். வெள்ளைக் காண்டாமிருகம் பட்டியலில் 'அச்சுறு நிலையை நெருங்கியது' மட்டுமே. அதன் வடக்குத் துணையினத்தில் கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் செத்துப்போக, மிஞ்சியவை இரண்டு பெண்கள். துணையினத்துக்குத் தனி மதிப்பீடு உண்டு. ஆனால் தலைப்பில் நிற்கும் முத்திரையை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இரண்டு பெண்கள் கண்ணில் படமாட்டார்கள்.

போதிய தரவு இல்லாதவை என்ற பெட்டியில் கொலையாளித் திமிங்கிலம் என்கிற ஓர்க்கா இருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த பிராணி. ஆனால் அது ஒரே இனமா, பல இனங்களா என்பதே முடிவாகவில்லை. அதனால் கணக்கை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இந்தப் பெட்டியைக் 'கவலை இல்லை' என்று படிப்பது பெரிய தவறு. யாரும் தேடிப் போகாத ஆழ்கடலும் மழைக்காட்டு உச்சியும்தான் இதில் அதிகம். 2025 அக்டோபர் நிலவரப்படி மதிப்பிடப்பட்டவை 1,72,000க்கும் மேல், அவற்றில் அச்சுறுத்தலில் உள்ளவை 48,000க்கும் மேல். பறவை ஏறக்குறைய முழுக்க மதிப்பிடப்பட்டுவிட்டது. பெயரிடப்பட்ட பூச்சிகள் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்க, அதில் நூற்றில் ஒன்றைத்தான் தொட்டிருக்கிறார்கள். ஆகவே 'உலக உயிரினங்களில் இத்தனை விழுக்காடு' என்று யாராவது சொன்னால், எந்த உயிரினங்களில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். நீர்நில வாழ்விகளில் 41 விழுக்காடு, பறவைகளில் சுமார் 12 என்பதுபோலக் குழு வாரியாகச் சொன்னால் அது அர்த்தமுள்ள எண்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இது சட்டம் இல்லை. மிக அருகிய என்று போட்டதால் எந்த நாட்டிலும் தானாக வேட்டை நிற்காது. அதற்கு அந்தந்த நாட்டுச் சட்டம் வேண்டும். எல்லை தாண்டிய வியாபாரத்துக்கு 1975 முதல் நடப்பில் உள்ள சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியல்கள் வேறு இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்படும் செய்திகள் ஏராளம்.

'அற்றுப்போன இனம்' என்ற கடைசிப் பெட்டிதான் போடுவதற்குக் கடினமானது. கடைசி உயிரும் செத்துவிட்டது என்பதில் நியாயமான ஐயம் எதுவும் இருக்கக் கூடாது. இருக்கக்கூடிய இடத்தில், இருக்கக்கூடிய பருவத்தில், முழுமையாகத் தேடியிருக்க வேண்டும். இல்லாததை நிரூபிப்பது எவ்வளவு சள்ளை என்று யோசித்துப் பாருங்கள். டாஸ்மேனியப் புலி என்கிற தைலசைனில் நமக்குத் தெரிந்த கடைசி விலங்கு 1936 செப்டம்பரில் ஹோபார்ட் மிருகக்காட்சிச் சாலையில் செத்தது. ஐயுசிஎன் 'அற்றுப்போன' என்று எழுதியது 1982இல். சீனாவின் யாங்சே ஆற்று ஓங்கிலான (டால்ஃபின்) பைஜியை 2006இல் ஆறு வாரம் தேடினார்கள், ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. அது இன்றும் மிக அருகிய பெட்டியில்தான் இருக்கிறது, பக்கத்தில் 'அற்றுப்போயிருக்கலாம்' என்ற ஒரு சிறு குறிப்போடு.

இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு பாடம் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் செபூ தீவில் ஒரு பூக்கொத்திக் குருவி. தீவின் காடு வெட்டப்பட்டுவிட்டது, குருவியும் போய்விட்டது என்று கைகழுவினார்கள். 1992இல் மிச்சமிருந்த சிறு காட்டுத் துண்டில் அது உயிரோடு இருந்தது. இடைப்பட்ட காலத்தில், இல்லாத குருவிக்காக யார் காட்டைக் காப்பார்கள்? மயங்கிக் கிடந்த ஜூலியட்டைச் செத்துவிட்டாள் என்று நம்பிய ரோமியோவின் பெயரால் இதை 'ரோமியோ பிழை' என்கிறார்கள். சீக்கிரம் அறிவித்தால் இந்தப் பிழை. அறிவிக்காமலே வைத்திருந்தால், ஏற்கெனவே போய்விட்டதைத் தேடிப் பணமும் ஆளும் கரையும்.

சைபீரியப் பக்கம் கூடு கட்டி, மத்தியதரைக் கடலோரத்துக்கு வலசை வந்த மெல்லிய வளைந்த அலகுடைய ஒரு பறவை, ஆங்கிலப் பெயர் ஸ்லெண்டர் பில்டு கர்லியூ. மொராக்கோவின் மெர்ஜா ஸெர்கா காயலில் 1995 பிப்ரவரியில் ஒன்றைப் பார்த்தார்கள். அதன் பிறகு உறுதியாகப் பார்த்தவர் இல்லை. 2025 அக்டோபரில் 'அற்றுப்போன இனம்' என்று முத்திரை மாறியது. நடுவில் முப்பது ஆண்டும் பட்டியலில் அது மிக அருகிய இனமாக இருந்தது. அதில் எத்தனை ஆண்டு உண்மையில் பறந்துகொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது.